பெயர் கேட்காத படிவம்

நர்சிங் நிர்வாகத்தில் இன்றைக்கு ஆய்வுகள் எந்தத் திசையில் போகின்றன என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். புதிதாகக் கண்காணிப்பாளர் பொறுப்புக்கு வந்திருப்பவர்களும், மேற்படிப்பு மாணவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கியிருப்பவர்களும் படிப்பதற்கு என்றீர்கள். திசையைச் சொல்வது கடினமில்லை. நான் படித்த காலத்தில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. பிறகு வேலைத் திருப்தி வந்தது. அதன்பின் மனச்சோர்வு, வேலையை விட்டுப் போகும் எண்ணம், நோயாளிப் பாதுகாப்பு. இப்போது எல்லாம் கைபேசியில் வருகிறது. நிரப்பி அனுப்பியதும் வரைபடம் தயார்.

தலைப்புகள் மாறினாலும் இவை அத்தனையும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு ஒரு செவிலியர் உட்கார்ந்து, நாம் கேட்ட கேள்விக்கு உண்மையைக் குறிக்கிறார் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையை நான் ஒருமுறை கெடுத்தேன். திசைகளைப் பற்றி எழுத உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கெடுத்ததை நான்தான் எழுதவேண்டும்.

அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்சிங் கண்காணிப்பாளர். முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை செவிலியர் ஏன் வெளியே சொல்வதில்லை என்பது என் ஆய்வு. வேறு மருத்துவமனைகளுக்கு அலைய விடுப்புக் கிடைக்காது என்பதால், என் கீழ் வேலை செய்தவர்களிடமே தகவல் திரட்டினேன். அவர்களுடைய ஷிப்ட், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் என் கையெழுத்தில் நடந்தன. அதே கையால்தான் படிவத்தையும் நீட்டினேன். இதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. என் வழிகாட்டிக்கும் படவில்லை. ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கும் படவில்லை. அந்தக் குழுவின் தலைவர் எங்கள் மெடிக்கல் டைரக்டர்.

படிவத்தின் முதல் பக்கம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வயது, மதம், திருமண நிலை, கல்வித் தகுதி, அனுபவ ஆண்டுகள், வேலை செய்யும் வார்டு. எனக்கு முன்பு படித்தவரின் ஆய்வேட்டிலிருந்து அதை எடுத்தேன். அவர் தமக்கு முன்பு படித்தவரிடமிருந்து எடுத்திருப்பார். மருந்துப் பிழைக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம், கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தால்தான் ஆய்வு ஆய்வுபோலத் தெரியும். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருடைய படிவத்தில் இன்றும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறதோ!

அறுவைச் சிகிச்சை வார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிவங்களைக் கொடுத்தேன். அங்கே மூத்த செவிலியர் கஸ்தூரி. ஆவடிக்காரர். கணவர் அங்கே தளவாடத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகளோடு அம்மா வீட்டில் இருந்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், வேலையில் மகிழ்ச்சியாக உள்ளீர்களான்னு கேட்டுக்கீது. டியூட்டிக்கு வந்ததும் டிக் பண்ணணுமா, ஊட்டுக்குப் போறப்பவா?"

"போறப்பன்னா ரொம்ப மகிழ்ச்சின்னு போடலாம்க்கா" என்றார் பக்கத்தில் இருந்தவர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கஸ்தூரி மறுபடி கேட்டார். இந்த முறை விளையாட்டு இல்லை.

"நெசமாவே எழுதலாமா சார்? அப்பால ஒண்ணும் வராதே?"

"வராது சிஸ்டர். பேர் எழுத வேண்டாம். யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது. என் பொறுப்பு."

கடைசிப் பக்கத்தில், நோயாளியைத் தொடும் முன் கண்டுபிடித்துத் தடுத்த பிழை ஏதாவது இருந்தால் எழுதும்படி சில கோடுகள் விட்டிருந்தேன். பெரும்பாலோர் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் கோடுகள் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தது. ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் எடுப்பதாக நினைத்து, பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை உடைத்துவிட்டதாகவும், சிரிஞ்சில் ஏற்றும்போது கவனித்துக் கொட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரிக் கண்ணாடிக் குப்பி, ஒரே நிற எழுத்து, ஒரே டிரேயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எனக்கே கை மாறியது என்றால் புதிதாக வரும் பிள்ளைகள் என்ன செய்யும் என்று முடித்திருந்தார். பொட்டாசியம் குளோரைடை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. இவ்வளவு நல்ல தகவல் கிடைத்திருக்கிறதே என்ற ஆய்வாளனின் மகிழ்ச்சி. எழுந்து இரண்டு மாடி இறங்கினால் அந்த டிரே. நான் இறங்கவில்லை. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

தரச்சான்று தரும் குழு பத்து நாளில் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. மருத்துவமனை முழுவதும் வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். என் முதல் கட்ட அறிக்கையை டைரக்டரிடம் கொடுத்திருந்தேன். பயிற்சி கொடுத்து மறுபடி தகவல் திரட்டும் இரண்டாம் கட்டத்துக்கு அவர் அனுமதி தேவை. காலையில் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒருத்தர் பொட்டாசியம் ஆம்பியூலை உடைச்சேன்னு எழுதியிருக்காங்களே, யாரு அது?"

"பேர் வாங்கலை டாக்டர்."

"பேரைக் கேட்கலை. யாருன்னு தெரியுமா, தெரியாதா?"

நான் அவர் மேஜையில் இருந்த என் அறிக்கையைப் பார்த்தேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் டீம் வந்து நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசும். இவங்க அங்கேயும் இதைச் சொன்னா? நாளைக்கு நிஜமாவே ஒண்ணு நடந்துட்டா? தெரிஞ்சும் மறைச்சவர்னு உங்க பேர்தான் சார் முதல்ல வரும். உங்க செகண்ட் ஃபேஸ் பேப்பர்ல இன்னும் கையெழுத்துப் போடலை. ஞாபகம் இருக்கில்ல?"

நான் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவில்லை என்றுதான் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்தது இதுதான்: என் அறைக்குப் போய், உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து, முதல் பக்கம் மேலே தெரியும்படி அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே படித்தார். "சர்ஜிக்கல் வார்டு... பதினோரு வருஷம்... விதவை." நிமிர்ந்தார். "கஸ்தூரியா?"

அந்த வார்டில் அந்த மூன்று கட்டங்களும் ஒருவருக்குத்தான் பொருந்தும். என் ஆய்வுக்குத் துளியும் தேவைப்படாத திருமண நிலைதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. காட்டிக் கொடுத்தது கட்டம் இல்லை, நான். ஆனால் கட்டத்தை நான் வைக்காமல் இருந்திருந்தால், அன்று கோழையாக இருந்தபோதும் என்னால் அவருக்குத் தீங்கு செய்திருக்க முடியாது. இதை யோசித்துப் பாருங்கள். நாம் எப்போதும் தைரியமாக இருப்போம் என்று எண்ணிப் படிவம் தயாரிக்கக் கூடாது. நாம் பயந்துபோய் நிற்கும் நாளை எண்ணித் தயாரிக்க வேண்டும்.

கஸ்தூரியை வரவழைத்தார்கள். உள்ளே வந்தவர் டைரக்டரைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேர் எழுத வேணாம்னு சொன்னீங்களே சார்."

"டாக்டர் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய வாக்கியங்களில் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கும் வாக்கியம் அது.

"ஆம்பியூலை உடைச்சது நீங்கதானா?" என்றார் டைரக்டர்.

"ஆமா டாக்டர். ஒடைச்சேன், பார்த்தேன், கொட்டினேன். பேஷன்ட்டாண்ட போகவேயில்ல."

"ஏன் ரிப்போர்ட் பண்ணலை?"

"பண்ணிக்கீறேனே டாக்டர். தோ, உங்க முன்னால கீதே. அதான் ரிப்போர்ட்டு."

அவர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தராவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன்.

கடைசி நாள் அடையாள அட்டையை ஒப்படைக்க என் அறைக்கு வந்தார். அழவில்லை. "என் கதை இருக்கட்டும் சார். அந்த டிரேயை இன்னிக்கே பிரிச்சி வையுங்க. ஒரு அட்டைப்பெட்டி போதும்" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன், ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். மருந்தின் பெயரை மூன்று முறை வாசித்த பிறகே ஏற்றவேண்டும் என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்த்தேன். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு பழக்கம். பெட்டியை நகர்த்துவதற்குப் பதிலாகத் தாளை நகர்த்துவோம். கோப்பில் தாள் இருந்தால் வேலை நடந்துவிட்டது போல இருக்கும்.

தரச்சான்று கிடைத்தது. செவிலியருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, அதே படிவத்தை மறுபடி கொடுத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் கட்டாகத் திரும்பி வந்தன. பிழை நேர்ந்ததா, இல்லை. பிழையைப் பார்த்தீர்களா, இல்லை. கடைசிப் பக்கம் எல்லாவற்றிலும் காலி. பல தாள்களில் டிக் ஒரே சாய்வில், ஒரே பேனாவில் இருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து மொத்த வார்டுக்கும் நிரப்பியிருக்கிறார். நான் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். கவனித்துக்கொண்டே கணினியில் ஏற்றினேன். பயிற்சிக்குப் பின் பிழைகள் பெருமளவு குறைந்தன என்று முடிவு வந்தது. வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்கில் அதைப் படித்தேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை பத்து மணி மருந்து வேளையில் அது நடந்தது. குடலிறக்க அறுவை முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டிய நோயாளி. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆன கடலூர்ப் பக்கத்துப் பெண், ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலந்து ஏற்றினார். கலந்தது தண்ணீர் இல்லை. ஊசியை எடுப்பதற்குள் நோயாளிக்கு இதயம் நின்றது. மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்து, உயிரைத் திருப்பினார்கள். உயிர்தான் திரும்பியது. மூளைக்கு ரத்தம் போகாமலிருந்த நேரம் அதிகமாகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது மனைவியை அடையாளம் தெரிந்தது; பெயர் சொல்ல வரவில்லை.

விசாரணைக்கு முன்பு வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கோபமாகக் கேட்டேன். "டிரேல இப்படி ஆபத்து இருக்குன்னு ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை?"

"சொன்னவங்களை இன்னா பண்ணீங்கன்னு வார்டுக்கே தெரியுமே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்குள்ள சொல்லிக்குவோம், இடது பக்கம் கீறதை ரெண்டு தரம் பாருடின்னு. இந்தப் பொண்ணுக்குச் சொல்ல யாருக்கும் தோணலை. அவ்ளோதான்."

இங்கேயாவது நான் நின்றிருக்கலாம். கஸ்தூரியின் தாள் என் அலமாரியில் இருந்தது. அதை விசாரணைக் குழுவின் முன் வைத்திருந்தால், குற்றம் அந்தப் பெண்ணின் கையில் இல்லை, டிரேயில் இருக்கிறது, மருத்துவமனைக்கு முன்பே தெரியும் என்று விளங்கியிருக்கும். முதல் முறை கேட்டவுடன் எடுத்து வைத்த தாளை, இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை என்பதற்காக உள்ளேயே வைத்துக்கொண்டேன். வெளியே எடுத்து வைத்திருந்தால் என் இரண்டாம் கட்ட முடிவும் பொய் என்று ஆகியிருக்கும். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "லேபிளைப் பார்த்தேன்னுதான் சார் நினைச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்ன அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அடுத்த நாள் யாரும் சொல்லாமலே டிரேயைப் பிரித்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரிக்கு மாறினேன், பேராசிரியர் ஆனேன், பலருக்கு வழிகாட்டினேன். நெறிமுறை பற்றிய பாடத்தை நான்தான் எடுத்தேன். நன்றாக எடுக்கிறேன் என்று சொல்வார்கள்.

ஓய்வு பெற்று முகப்பேரில் வீட்டோடு இருக்கும்போது இந்த வருடம்தான் கஸ்தூரியைத் தேடினேன். பழைய இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லி, காட்டுப்பாக்கத்தில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையத்தில் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு முற்பகலில் பஸ் பிடித்துப் போனேன். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். இன்னா, இன்னொரு ஃபார்மா?"

நான் மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவர் வேலை போன கதை அவருக்கே தெரியும், தெரியாததைச் சொன்னேன். லேத் தொழிலாளிக்கு நேர்ந்ததை, கடலூர்ப் பெண்ணை நீக்கியதை, விசாரணையின்போது அவர் தாள் என்னிடம் இருந்ததை, நான் அதை எடுக்காததை. கேட்டுக்கொண்டே இருந்தவர் கையில் சுற்றிக்கொண்டிருந்த பிளாஸ்டரைக் கீழே வைத்தார்.

"அது உங்ககிட்டவா இருந்துது? கிழிச்சிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்." பிளாஸ்டரை ஓரமாகத் தள்ளிவைத்தார். "எனக்கு வேலை போனதுக்கு வந்துக்கீறீங்கன்னு பார்த்தேன். ஆறு மாசம் கஷ்டப்பட்டேன், அப்பால கிடைச்சிது, அது போவட்டும். அந்தப் பொண்ணு இன்னா சார் பண்ணுச்சு உங்கள?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"என் பொண்ணு நர்சிங் படிக்குது சார். மூணாவது வருஷம். போன மாசம் காலேஜ்ல ஏதோ ஃபார்ம் குடுத்தாங்களாம். வார்டு போஸ்டிங்ல பார்த்த தப்பை எழுதணுமாம், பேர் வேணாமாம். எழுதட்டுமாம்மான்னு கேட்டுது. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு எழுந்து வந்துடுன்னு சொல்லிக்கீறேன்." என் முகத்தைப் பார்த்தார். "நான் சொன்னது தப்பா சார்? நீங்க படிச்சவரு. சொல்லுங்க."

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சரி என்று சொன்னால், அந்தப் பெண் போய் நிற்கப்போகும் ஏதோ ஒரு வார்டில் ஏதோ ஒரு டிரே அப்படியே இருக்கும். உள்ளே ஒரு மெஷின் சத்தம் போட்டது. கஸ்தூரி பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. வேலை இருந்திருக்கும்.

பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கும் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும், இரண்டாம் கட்டத் தகவல் நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. கடலூர்ப் பெண்ணைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். அந்த லேத் தொழிலாளியின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. போவேன் என்று எழுதவே கை தயங்குகிறது. எழுதிவிட்டால் போகவேண்டி வரும் என்பதால் எழுதுகிறேன். போவேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களே தகவல் திரட்டாதீர்கள். அவர் விடுப்பில் கையெழுத்துப் போடாத ஒருவர் திரட்டட்டும். தேவையில்லாத கட்டத்தைத் தூக்குங்கள். போன வாரம் உங்களில் ஒருவர் ஆசையாகத் தம் கைபேசியில் ஒரு படிவத்தைக் காட்டினார். பெயர் இல்லை. ஆனால் வார்டு, ஷிப்ட், அனுபவம் எல்லாம் இருந்தது, மருத்துவமனை ஒவ்வொருவருக்கும் கொடுத்த பணியாளர் எண் வழியாகத்தான் உள்ளே போகவும் முடியும். நான் வைத்த அதே தாள்தான் அது. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை மாற்றுங்கள்.

கஸ்தூரியின் மகள் இன்னும் கொஞ்ச நாளில் உங்களில் யாரோ ஒருவரிடம் வேலைக்கு வருவார். நீங்கள் கொடுக்கும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துத் தருவார். அதை முன்னேற்றம் என்று எண்ணி மேடையில் படிக்காதீர்கள். பொறுத்திருங்கள். உங்களைப் பார்த்துப் பார்த்து, என்றைக்காவது ஒருநாள், ஒரே ஒரு கேள்விக்கு அவர் 'ஆம்' என்று குறிக்கலாம். அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.